சென்னையில் புதிதாகக் கடை வைப்போருக்குப் புகையிலை வரி: எங்கே தொடங்குவது, எதைக் கவனிப்பது

சென்னையில் தேநீர்க் கடையோ பெட்டிக்கடையோ சிறு மளிகையோ தொடங்கும் பலர், பால், பிஸ்கட், வாழைப்பழம் ஆகியவற்றோடு சிகரெட்டையும் பீடியையும் முதல் நாளே அடுக்கிவிடுகிறார்கள். அவற்றுக்கான வரியைக் கம்பெனியே கட்டிவிடுகிறது, பாக்கெட்டில் அச்சிட்ட விலைக்குள் எல்லாம் அடங்கிவிட்டது, ஆகவே கடைக்காரருக்கு இதில் வேலை ஏதும் இல்லை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. தயாரிப்பின் மீது விழும் கலால் வரியைப் பொறுத்தவரை அந்த எண்ணம் சரி. சரக்கு மற்றும் சேவை வரியைப் பொறுத்தவரை, அதாவது எல்லோரும் ஜிஎஸ்டி என்று சொல்லும் வரியைப் பொறுத்தவரை, அது சரியன்று. சிறு வியாபாரிகளுக்கென்று சட்டம் தந்திருக்கும் சலுகைகளில் முக்கியமான ஒன்று, புகையிலை விற்கத் தொடங்கிய நாளிலேயே பாதியாகக் குறைந்துவிடுகிறது. இதை யாரும் முன்கூட்டிச் சொல்லாததால், ஓரிரு ஆண்டுகள் கழித்து நோட்டீஸ் வந்த பிறகே பலருக்கும் தெரியவருகிறது.

இந்தக் கட்டுரை சில்லறைக் கடைக்காரருக்காக எழுதப்படுகிறது. தயாரிப்பாளர்களுக்கும் இறக்குமதியாளர்களுக்கும் வேறு விதிகள் பல உண்டு. அவற்றுக்குள் இங்கே செல்லவில்லை. மூன்று கேள்விகளை ஒரே வரிசையில் கேட்டுக்கொண்டு போவதுதான் இங்கே பின்பற்றும் முறை: இந்தப் பொருளை இந்த இடத்தில் விற்கலாமா, விற்கலாம் என்றால் என்ன வரி, அந்த வரியில் என் பங்கு என்ன. இரண்டாவது கேள்வியை முதலில் கேட்பவர்களே அதிகமாகச் சிக்கலில் மாட்டுகிறார்கள்.

முதல் படி: வரியைப் பார்ப்பதற்கு முன் தடையைப் பார்ப்பது

வரி விகிதப் பட்டியலில் ஒரு பொருளின் பெயர் இருக்கிறது என்பதால் அதை விற்க அனுமதி இருக்கிறது என்று பொருள் கொள்ளக் கூடாது. இதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு வேப் எனப்படும் மின்சிகரெட்டுதான். பொருள்களை வகைப்படுத்தும் எச்எஸ்என் குறியீடுகளில் 2404 என்ற தலைப்பு, எரிக்காமல் உள்ளிழுக்கும் புகையிலை, நிகோடின் பொருள்களுக்காக உலக அளவில் 2022ஆம் ஆண்டு முதல் சேர்க்கப்பட்டது. இந்தியப் பட்டியலிலும் அந்தத் தலைப்பு இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு, வேப்புக்கு வரி கட்டினால் விற்கலாம் என்று சொல்லும் தரகர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். மின்சிகரெட்டுகளைத் தடைசெய்யும் மத்தியச் சட்டம் 2019 செப்டம்பர் 18 முதல் நடைமுறையில் உள்ளது. தமிழ்நாடு அதற்கு ஓராண்டு முன்பே, 2018இல், தன் எல்லைக்குள் தடை விதித்துவிட்டது. மத்தியச் சட்டம் தயாரிப்பு, இறக்குமதி, ஏற்றுமதி, போக்குவரத்து, விற்பனை, விநியோகம், விளம்பரம் ஆகிய அனைத்தையும் தடைசெய்கிறது. முதல் குற்றத்துக்கு ஓராண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். மறுபடி செய்தால் மூன்றாண்டு வரை சிறையும் ஐந்து லட்சம் வரை அபராதமும் உண்டு. விற்காமல் கடையில் இருப்பு வைத்திருந்தாலே ஆறு மாதம் வரை சிறையோ 50,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம்.

"இதில் நிகோடின் இல்லை, வெறும் பழவாசனைதான்" என்று சொல்லிச் சரக்கு இறக்குகிறவர்கள் உண்டு. ஒரு பொருளைச் சூடாக்கி உள்ளிழுக்கும் ஆவியை உண்டாக்கும் மின்கருவி, அதில் நிகோடின் இருந்தாலும் இல்லாவிட்டாலும், சட்டத்தின் வரையறைக்குள் வந்துவிடுகிறது. எரிக்காமல் சூடாக்கும் புகையிலைக் கருவிகளும் மின்ஹூக்காவும் அதே வரையறைக்குள் இருக்கின்றன. ஆகவே வேப்புக்குத் தமிழ்நாட்டில் எத்தனை சதவீத வரி என்ற கேள்விக்குச் சில்லறைக் கடைக்காரருக்கான விடை ஒன்றே: அதை விற்கவும் கூடாது, வைத்திருக்கவும் கூடாது, வரி என்ற பேச்சே எழவில்லை.

குட்காவும் பான்மசாலாவும் அடுத்தவை. இவற்றுக்கு நாட்டளவில் வரி விகிதம் இருக்கிறது; சில மாநிலங்களில் பான்மசாலா வெளிப்படையாக விற்பனையாகிறது. தமிழ்நாட்டில் உணவுப் பாதுகாப்பு ஆணையர் 2013 மே மாதம் பிறப்பித்த ஆணை, குட்கா, பான்மசாலா, புகையிலையோ நிகோடினோ கலந்த பிற மெல்லும் பொருள்கள் ஆகியவற்றைத் தடைசெய்தது. அதன் பிறகு அது ஆண்டுதோறும் நீட்டிக்கப்பட்டு வருகிறது. 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு தடை ஆணையை ரத்து செய்ததையும், அதே ஆண்டு ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்ததையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும். முதல் பாதியை மட்டும் சொல்லி, தடை போய்விட்டது என்று சரக்கு தள்ளிவிட முயல்வோர் இன்னும் இருக்கிறார்கள். வெளிமாநிலத்தில் முறையான பில் போட்டு வாங்கிய சரக்கு என்றாலும் இங்கே விற்க அந்த பில் துணை நிற்காது.

சிகரெட், பீடி, சுருட்டு ஆகியவற்றை விற்கலாம். ஆனால் எல்லா இடத்திலும் விற்க முடியாது. கோட்பா என்று சுருக்கமாக அழைக்கப்படும் 2003ஆம் ஆண்டின் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, கல்வி நிலையங்களிலிருந்து 100 கஜத்துக்குள், அதாவது ஏறத்தாழ 91 மீட்டருக்குள், எந்தப் புகையிலைப் பொருளையும் விற்கக் கூடாது என்கிறது. இந்தத் தூரத்தைப் பள்ளியின் வாசலிலிருந்து தெருவழியாக அளப்பதில்லை. பள்ளியின் சுற்றுச்சுவரின் வெளி ஓரத்திலிருந்து நேர்கோட்டில், எல்லாத் திசையிலும் அளக்க வேண்டும். மயிலாப்பூர், புரசைவாக்கம், திருவல்லிக்கேணி போன்ற நெருக்கமான பகுதிகளில் பள்ளியின் பின்சுவர் அடுத்த தெருவில் முடிவது சாதாரணம். வாசல் தொலைவில் இருக்கிறதே என்று நினைத்துக் கடைக்கு முன்பணம் கொடுத்த பிறகு, பின்சுவர் 60 மீட்டரில் இருப்பது தெரியவந்தால் அந்தக் கடையில் புகையிலை விற்க வழியில்லை. வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் கைப்பேசி வரைபடத்தில் இந்தத் தூரத்தை அளந்துவிடுவது நல்லது.

18 வயது நிரம்பாதவர்களுக்கு விற்கக் கூடாது என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது. கோட்பாவில் இதற்கான அபராதம் 200 ரூபாய் வரைதான் என்பதால் சிலர் இதை அலட்சியமாகக் கருதுகிறார்கள். ஆனால் 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், 77ஆம் பிரிவில், குழந்தைக்குப் புகையிலைப் பொருள் கொடுப்பவருக்கு ஏழாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் வைத்திருக்கிறது. அப்பாவுக்கு வாங்கிவரச் சொன்னார்கள் என்று வரும் பிள்ளையிடமும் கொடுக்கக் கூடாது. இந்த இடத்தில் சட்டம் எவ்வளவு கடுமையாக இருந்தாலும் அது தகும் என்றே நான் கருதுகிறேன்.

இரண்டாம் படி: பாக்கெட் விலைக்குள் இருக்கும் வரிகளைப் பிரித்துப் பார்ப்பது

இணையத்தில் தேடினால் தமிழ்நாட்டில் சிகரெட்டுக்கு வாட் வரி இத்தனை சதவீதம் என்று பழைய பக்கங்கள் இன்னும் கிடைக்கின்றன. அவை எல்லாம் 2017 ஜூன் 30ஆம் தேதியோடு முடிந்துபோன கணக்குகள். அதுவரை தமிழ்நாடு மதிப்புக்கூட்டு வரிச் சட்டம், 2006இன் கீழ் மாநில அரசே புகையிலை மீது வரி விதித்தது. அரசியலமைப்பின் 101ஆவது திருத்தத்துக்குப் பிறகு, மாநிலங்கள் விற்பனை வரி விதிக்கக்கூடிய பொருள்கள் பெட்ரோலியப் பொருள்கள் சிலவும் மதுபானமும் என்ற அளவுக்குச் சுருங்கிவிட்டன. அதே திருத்தம் புகையிலை மீது கலால் வரி விதிக்கும் உரிமையை மத்திய அரசின் கையில் விட்டுவைத்தது. நாட்டில் ஜிஎஸ்டியும் மத்திய கலால் வரியும் ஒரே பொருளின் மீது சேர்ந்து விழும் அரிய வகைகளில் புகையிலை ஒன்றாக இருப்பதற்குக் காரணம் இதுவே.

2026 பிப்ரவரி 1 முதல் இந்தக் கட்டமைப்பு பெரிதும் மாறியிருக்கிறது. அதற்கு முன் சிகரெட்டுக்கு 28 சதவீத ஜிஎஸ்டியும் அதன் மேல் இழப்பீட்டு செஸ் என்ற கூடுதல் வரியும் இருந்தன. மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து வரி விகிதங்களை முடிவுசெய்யும் ஜிஎஸ்டி கவுன்சில் 2025 செப்டம்பர் 3 அன்று கூடியபோது, அதன் 56ஆவது கூட்டம் புகையிலைக்கு 40 சதவீதம் என்று முடிவெடுத்தது. மற்ற பொருள்களின் புதிய விகிதங்கள் அதே மாதம் 22ஆம் தேதி நடைமுறைக்கு வந்தாலும், புகையிலைக்கு அது தள்ளிவைக்கப்பட்டது. பிப்ரவரி 1 அன்று இழப்பீட்டு செஸ் நீங்கியது. சிகரெட்டுக்கு 40 சதவீதமும் பீடிக்கு 18 சதவீதமும் ஜிஎஸ்டி என்றானது. நீங்கிய செஸ்ஸின் இடத்தில், 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய மத்திய கலால் திருத்தச் சட்டத்தின்படி, சிகரெட்டின் நீளத்தைப் பொறுத்து ஆயிரம் சிகரெட்டுக்கு 2,050 ரூபாய் முதல் 8,500 ரூபாய் வரை கலால் வரி வந்தது. இந்தக் கலால் வரியைத் தயாரிப்பாளர் கட்டுகிறார். சில்லறைக் கடைக்காரரின் புத்தகத்தில் அதற்குத் தனிப் பக்கம் தேவையில்லை. கொள்முதல் விலைக்குள் அது கரைந்துவருகிறது.

இனி மாநிலத்தின் பங்கு. தமிழ்நாட்டுக்குள் நடக்கும் விற்பனையில் 40 சதவீதம் என்பது 20 சதவீத மத்திய ஜிஎஸ்டியாகவும் 20 சதவீத மாநில ஜிஎஸ்டியாகவும் பில்லில் இரண்டு வரிகளாகத் தெரியும். பீடிக்கு ஒன்பதும் ஒன்பதும். மாநில ஜிஎஸ்டி நேராகத் தமிழ்நாட்டின் கருவூலத்துக்குச் செல்கிறது. கலால் வரியின் பாதை வேறு. அது முதலில் மத்திய அரசுக்குச் சென்று, பகிர்வுக்குரிய வரித் தொகுப்பில் சேர்கிறது. 15ஆவது நிதிக்குழு 2021-26 காலத்துக்கு வகுத்த கணக்கின்படி அந்தத் தொகுப்பில் 41 சதவீதம் எல்லா மாநிலங்களுக்கும், அதில் 4.079 சதவீதம் தமிழ்நாட்டுக்கும் உரியதாக இருந்தது. அந்தக் கணக்கில் பெருக்கிப் பார்த்தால், நூறு ரூபாய் கலால் வரியில் இந்த மாநிலத்துக்குத் திரும்பி வருவது ஏறத்தாழ ஒரு ரூபாய் 67 காசு. ஆகவே பெட்டிக்கடையில் விற்கும் ஒரு பாக்கெட்டிலிருந்து மாநில அரசுக்குக் கிடைக்கும் வருவாய் என்பது பெரும்பாலும் அந்த 20 சதவீதம்தான். அந்த விகிதத்தையும் தமிழ்நாடு தனியாக உயர்த்தவோ குறைக்கவோ முடியாது. கவுன்சிலில் ஒரு முடிவு நிறைவேற வாக்கு மதிப்பில் நான்கில் மூன்று பங்கு ஆதரவு வேண்டும்; மத்திய அரசின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பு, மாநிலங்கள் அனைத்துக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு. பிள்ளைகள் புகைக்கப் பழகாமல் தடுக்க விலையை உயர்த்த விரும்பும் ஒரு மாநிலத்தின் கையில் இன்று வரி என்ற கருவி தனித்து இல்லை. எனக்கு இது சரியாகப் படவில்லை.

மூன்றாம் படி: பதிவு தேவையா என்று கணக்கிடுவது

பொருள்களை மட்டும் விற்கும் வியாபாரி, ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டாத வரை தமிழ்நாட்டில் ஜிஎஸ்டி பதிவு பெற வேண்டியதில்லை. இந்த வரம்பு 2019 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. கடைவீதியில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். ஆனால் அந்தச் சலுகையைத் தந்த அறிவிப்பிலேயே சில பொருள்களை விற்பவர்களுக்கு அது பொருந்தாது என்று ஒரு பட்டியல் இருக்கிறது. ஐஸ்கிரீம், பான்மசாலா ஆகியவற்றோடு, எச்எஸ்என் பட்டியலின் 24ஆம் அத்தியாயத்தில் வரும் அனைத்துப் பொருள்களும், அதாவது புகையிலையும் புகையிலைப் பொருள்களும் எல்லாம், அந்தப் பட்டியலில் உள்ளன. அவற்றை விற்பவருக்குப் பழைய 20 லட்சம் ரூபாய் வரம்பே பொருந்தும். தயாரிப்பாளர் என்றில்லை, விற்பவர் எவரானாலும் இதுவே நிலை. கடையின் விற்பனையில் சிகரெட் எவ்வளவு சிறிய பகுதியாக இருந்தாலும், கடை முழுவதற்கும் வரம்பு 20 லட்சம்தான்.

20 லட்சத்தை 365 நாளால் வகுத்தால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 5,480 ரூபாய். ரயில் நிலையத்தை ஒட்டியோ பேருந்து நிறுத்தத்தை ஒட்டியோ இருக்கும் சிறு கடையில் காலை நேரத்திலேயே அந்தத் தொகை புழங்கிவிடலாம். சிகரெட்டில் லாபம் சிறிது, புழங்கும் பணம் பெரிது. வரம்பைக் கணக்கிடுவது லாபத்தை வைத்து அல்ல, விற்பனைத் தொகையை வைத்து. அதோடு, வரி இல்லாத பொருள்களின் விற்பனையும் இந்தக் கணக்கில் சேரும். பாலும் வாழைப்பழமும் வரிவிலக்கு பெற்றவை என்பதால் அவற்றைக் கழித்துவிடக் கூடாது. ஒரே பான் எண்ணின் கீழ் அம்பத்தூரில் ஒரு கடையும் ஆவடியில் ஒரு கடையும் இருந்தால் இரண்டின் விற்பனையையும் கூட்ட வேண்டும். அண்ணன் பெயரில் ஒன்று, தம்பி பெயரில் ஒன்று என்று உண்மையாகவே தனித்தனியாக நடக்கும் கடைகள் தனித்தனி. ஒரே கல்லாவை இரண்டு பெயரில் பிரித்துக் காட்டுவது வேறு விஷயம், அதை அதிகாரிகள் எளிதில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

நாள்தோறும் மாலையில் மொத்த விற்பனையை ஒரு நோட்டில் எழுதிவைத்து, மாதக் கடைசியில் கூட்டி, ஏப்ரலில் தொடங்கும் நிதியாண்டுக்கான தொகையாகச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். யுபிஐ வழியாக வரும் பணம் வங்கிக் கணக்கில் தானே பதிவாகிறது. நோட்டில் இருக்கும் தொகை அதைவிடக் குறைவாக இருந்தால் பிற்பாடு விளக்கம் சொல்வது கடினம். தொகை 20 லட்சத்தைத் தாண்டிய நாளிலிருந்து 30 நாளுக்குள் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

நான்காம் படி: பதிவு பெறுவது

ஜிஎஸ்டி பதிவுக்கு அரசுக் கட்டணம் கிடையாது. இணையதளத்தில் ஆர்இஜி-01 படிவத்தை நிரப்ப, பான், ஆதார், புகைப்படம், வங்கிக் கணக்கு விவரம், கடை முகவரிக்கான சான்று ஆகியவை போதும். வாடகைக் கடை என்றால் வாடகை ஒப்பந்தமும் உரிமையாளரின் பெயரில் உள்ள மின் கட்டண ரசீதோ சொத்து வரி ரசீதோ வேண்டும். புதியவர்களின் விண்ணப்பங்கள் பெரும்பாலும் இந்த முகவரிச் சான்றில்தான் தடைபடுகின்றன. ஒப்பந்தத்தில் கதவு எண் புதியதாகவும் மின் ரசீதில் பழையதாகவும் இருப்பது சென்னையில் அன்றாட நிகழ்வு. விண்ணப்பிக்கும் முன்பே உரிமையாளரிடம் பேசி இரண்டையும் ஒத்துப்போகச் செய்யுங்கள். ஆதார் சரிபார்ப்பை முடித்துவிட்டால் வழக்கமாக ஏழு வேலை நாளில் பதிவு கிடைக்கும். முடிக்காவிட்டால் அதிகாரி கடைக்கு நேரில் வந்து பார்த்த பிறகே கிடைக்கும்.

கிடைக்கும் 15 இலக்க எண்ணில் முதல் இரண்டு இலக்கங்கள் 33 என்று இருக்கும். அது தமிழ்நாட்டின் குறியீடு. அடுத்த பத்தும் உங்கள் பான் எண். ஒன்றரைக் கோடி ரூபாய்க்குக் கீழே விற்றுமுதல் உள்ளவர்களில் 90 சதவீதத்தினரை மாநில வணிகவரித் துறையும் மீதிப் பேரை மத்திய அரசின் அதிகாரிகளும் கவனிப்பது என்பது ஏற்பாடு. ஆகவே பெரும்பாலும் உங்கள் பகுதியின் வணிகவரி அலுவலகத்தோடுதான் தொடர்பு இருக்கும். துறையின் தலைமை அலுவலகம் சேப்பாக்கம் எழிலகத்தில் உள்ளது. மத்திய ஜிஎஸ்டியின் கீழ் ஒதுக்கப்பட்டால் நுங்கம்பாக்கம் மகாத்மா காந்தி சாலையில் உள்ள ஜிஎஸ்டி பவனோடு சேர்ந்த அலுவலகங்கள் பொறுப்பாகும். பதிவுச் சான்றிதழிலேயே எந்த அதிகாரியின் வரம்பு என்பது அச்சாகியிருக்கும். அந்தச் சான்றிதழைக் கடையில் பார்வையில் படும்படி மாட்டுவது கட்டாயம். மாநகராட்சியின் தொழில் உரிமம் இதிலிருந்து வேறுபட்டது; ஒன்று இருப்பதால் மற்றது தேவையில்லை என்று ஆகாது.

ஐந்தாம் படி: எந்தத் திட்டம் என்று முடிவு செய்வது

காம்போசிஷன் எனப்படும் எளிய திட்டம், ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி வரை விற்றுமுதல் உள்ள வியாபாரிகளுக்கு உண்டு. வரிக்குரிய விற்பனையின் விற்றுமுதலில் ஒரு சதவீதம் கட்டினால் போதும். அதில் பாதி மாநிலத்துக்கு, பாதி மத்திய அரசுக்கு. புகையிலைப் பொருள்களைத் தயாரிப்பவர்கள் இதில் சேர முடியாது, ஆனால் வாங்கி விற்கும் சில்லறை வியாபாரிக்கு அந்தத் தடை இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சிஎம்பி-08 படிவத்தில் வரி கட்டி, ஆண்டுக்கு ஒருமுறை ஜிஎஸ்டிஆர்-4 தாக்கல் செய்தால் வேலை முடிந்தது. இதனால் பல கணக்காளர்கள் சிறு கடை என்றதும் யோசிக்காமல் இதையே எழுதிவிடுகிறார்கள்.

புகையிலை அதிகம் விற்கும் கடைக்கு இது எப்போதும் நல்லதா என்று பென்சில் எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 2026 பிப்ரவரி முதல் சிகரெட்டுக்கு ஜிஎஸ்டி கணக்கிடுவது நீங்கள் விற்கும் விலையின் மேல் அல்ல. பாக்கெட்டில் அச்சிட்ட சில்லறை விலையிலிருந்து பின்னோக்கி. அச்சிட்ட விலை 140 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 140ஐ 40ஆல் பெருக்கி 140ஆல் வகுக்க வேண்டும். வரி 40 ரூபாய், வரிக்குரிய மதிப்பு 100 ரூபாய். விநியோகஸ்தர் உங்களுக்குத் தரும் பில்லிலும் 40 ரூபாய் வரி இருக்கும்; நீங்கள் வாடிக்கையாளருக்கு விற்கும்போதும் உங்கள் மேல் விழும் வரி 40 ரூபாய். சாதாரணத் திட்டத்தில் இருப்பவர் தான் வாங்கியபோது கட்டிய 40 ரூபாயை உள்ளீட்டு வரி வரவாகக் கழித்துக்கொள்ளலாம் என்பதால், கையிலிருந்து கட்ட வேண்டியது ஏறத்தாழ ஒன்றுமில்லை. காம்போசிஷனில் இருப்பவருக்கு அந்தக் கழிவு கிடையாது. வாடிக்கையாளரிடம் வரியாகத் தனியே வாங்கவும் கூடாது. அச்சிட்ட விலைக்கு மேல் விற்கவும் கூடாது. ஆகவே அந்தப் பாக்கெட்டுக்குக் குறைந்தது ஒரு ரூபாய் தன் லாபத்திலிருந்தே போகிறது. பாக்கெட்டுக்குப் பத்து ரூபாய் நிற்கிறது என்று கொண்டாலும் அதில் பத்தில் ஒரு பங்கு அது.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. சாதாரணத் திட்டத்தில் பிஸ்கட்டுக்கு ஐந்து, குளிர்பானத்துக்கு 40 என்று ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனி விகிதத்தோடு பில் போட வேண்டும். கணக்காளருக்குத் தரும் மாதக் கட்டணமும் கூடும். என் கருத்து இது: விற்பனையில் பாதிக்கு மேல் சிகரெட்டாக இருந்து, எல்லாக் கொள்முதலுக்கும் முறையான பில் கிடைக்கும் கடைக்குச் சாதாரணத் திட்டமே சிக்கனமானது. தேநீரும் பலகாரமுமே முதன்மையாக இருக்கும் இடத்தில் உணவு பரிமாறுவது சேவையாகக் கணக்கிடப்பட்டு விகிதமே மாறும். அந்த நிலையில் உள்ளவர் அதை முதலிலேயே கணக்காளரிடம் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். புதிதாகப் பதிவு பெறுவோர் விண்ணப்பத்திலேயே திட்டத்தைத் தேர்ந்தெடுக்கலாம். பின்னர் காம்போசிஷனுக்கு மாற விரும்பினால் நிதியாண்டு தொடங்கும் முன் சிஎம்பி-02 படிவம் தர வேண்டும்.

ஆறாம் படி: பில் இல்லாத சரக்கை மறுப்பது

மேலே போட்ட கணக்கையே மறுபடி பாருங்கள். விநியோகஸ்தரின் ஆள் "பில் இல்லாமல் எடுத்தால் பாக்கெட்டுக்கு இரண்டு ரூபாய் குறைத்துத் தருகிறேன்" என்று சொன்னால், அவர் தருவது இரண்டு ரூபாய், நீங்கள் இழப்பது 40 ரூபாய் வரி வரவு. அந்தப் பாக்கெட்டை விற்ற பிறகு ஆய்வில் சிக்கினால், 40 ரூபாய் வரியும் ஆண்டுக்கு 18 சதவீத வட்டியும் கட்ட நேரும். அதற்கு மேல் அபராதமும் உண்டு. வரி ஏய்ப்பு என்று முடிவானால் அது 10,000 ரூபாய் அல்லது ஏய்த்த வரித் தொகை, இரண்டில் எது அதிகமோ அது. பில் கையில் இருந்தால் மட்டும் போதாது. விநியோகஸ்தர் அந்த பில்லைத் தன் கணக்கில் காட்டியிருந்தால்தான் உங்கள் கொள்முதல்களைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கையில் அது தெரியும், அங்கே தெரிந்தால்தான் வரவு எடுக்கலாம். பாரிமுனைப் பக்கத்து மொத்தக் கடைகளில் நேரில் வாங்குவோர், கடையை விட்டு இறங்கும் முன் பில்லில் தங்கள் 33 என்று தொடங்கும் எண் சரியாக இருக்கிறதா, சிகரெட்டுக்கு 2402 என்ற குறியீடும் பீடிக்கு 2403 என்ற குறியீடும் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

பாக்கெட்டையும் பார்க்க வேண்டும். இந்தியாவில் சட்டப்படி விற்கும் சிகரெட் பாக்கெட்டின் முன்பக்கத்திலும் பின்பக்கத்திலும் 85 சதவீத இடத்தில் எச்சரிக்கைப் படம் இருக்கும். இது 2016 ஏப்ரல் முதல் உள்ள விதி. அந்தப் படம் இல்லாமல், ரூபாயில் சில்லறை விலை அச்சிடாமல், இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் இல்லாமல் வரும் வெளிநாட்டுப் பாக்கெட்டுகள் கடத்தல் சரக்காக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். அவற்றுக்குச் சுங்க வரியும் கட்டப்படவில்லை, மாநிலத்தின் 20 சதவீதமும் கட்டப்படவில்லை. பிடிபட்டால் சரக்கோடு சேர்த்து உங்கள் பெயரும் வழக்கில் வரும்.

வாடிக்கையாளருக்கு நீங்கள் தரும் பில் பற்றி ஒரே ஒரு குறிப்பு. 200 ரூபாய்க்குக் கீழான விற்பனைக்கு, வாங்குபவர் பதிவு பெறாதவராகவும் பில் கேட்காதவராகவும் இருந்தால், ஒவ்வொருவருக்கும் தனி பில் தேவையில்லை. நாள் முடிவில் அவற்றையெல்லாம் சேர்த்து ஒரே பில்லாக எழுதிவைக்கலாம். உதிரியாக ஒவ்வொரு சிகரெட்டாக விற்பதும் இந்தக் கணக்கில் வந்தாக வேண்டும். அப்படிப் பிரித்து விற்கும்போது சில்லறைக்காக மேல்நோக்கி முழுமையாக்கி, பாக்கெட்டில் அச்சிட்ட விலையைவிட அதிகமாக வாங்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. சட்டமுறை எடையளவுத் துறையின் வழக்குக்கு அது வழிவகுக்கும்.

ஏழாம் படி: தேதிகளைத் தவறவிடாமல் இருப்பது

சாதாரணத் திட்டத்தில், ஐந்து கோடி ரூபாய் வரை விற்றுமுதல் உள்ளவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாக்கல் செய்யும் வசதியைத் தேர்ந்தெடுக்கலாம். விற்பனை விவரத்தைச் சொல்லும் ஜிஎஸ்டிஆர்-1, காலாண்டு முடிந்த அடுத்த மாதம் 13ஆம் தேதிக்குள். வரியைச் சொல்லும் ஜிஎஸ்டிஆர்-3பி, தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு 22ஆம் தேதிக்குள். காலாண்டின் முதல் இரண்டு மாதங்களுக்கும் கட்ட வேண்டிய வரி இருந்தால், ஒவ்வொன்றுக்கும் அடுத்த மாதம் 25ஆம் தேதிக்குள் செலுத்த வேண்டும். காம்போசிஷனில் இருப்பவருக்குக் காலாண்டு முடிந்த அடுத்த மாதம் 18ஆம் தேதி, ஆண்டறிக்கைக்கு ஜூன் 30. விற்பனையே இல்லாத காலத்துக்கும் தாக்கல் செய்ய வேண்டும். கொள்முதல் பில்களையும் கணக்குப் புத்தகங்களையும் ஆண்டறிக்கைக்கான கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும் என்பதால், வெயிலில் வெளுத்துப்போகும் வெப்பத்தாள் பில்களைக் கைப்பேசியில் படமெடுத்து மாதவாரியாகச் சேமித்துவைப்பது அவசியம்.

புகையிலை விற்பதை நிறுத்த விரும்புவோருக்கு

இந்தப் பகுதியைத் தனியாக எழுதக் காரணம், பள்ளி அருகே இருப்பதாலோ வீட்டார் வேண்டாம் என்பதாலோ மனம் ஒப்பாததாலோ சிகரெட்டை எடுத்துவிட நினைக்கும் கடைக்காரர்கள் பலரை நான் சந்தித்திருக்கிறேன். வியாபாரம் குறைந்துவிடும் என்ற பயம் மட்டுமே அவர்களைத் தயங்கவைக்கிறது. வரிப்பக்கத்தில் அவர்களுக்கு ஓர் அனுகூலம் இருக்கிறது. 24ஆம் அத்தியாயப் பொருள்களையும் விலக்குப் பட்டியலில் உள்ள மற்றப் பொருள்களையும் விற்காமல், பொருள்களை மட்டுமே விற்கும் கடை என்ற நிலை வந்துவிட்டால், பதிவுக்கான வரம்பு மறுபடி 40 லட்சமாக உயர்கிறது. 20 லட்சத்துக்கும் 40 லட்சத்துக்கும் இடையில் விற்றுமுதல் இருக்கும் கடைக்குப் பதிவே தேவையில்லாமல் போகலாம்.

நிதியாண்டின் நடுவில் மாறுவதால் வரும் குழப்பத்தைத் தவிர்க்க, மார்ச் 31க்குள் சிகரெட் இருப்பை முழுவதும் விற்றுத் தீர்த்துவிட்டு, ஏப்ரல் முதல் புதிய கொள்முதல் ஏதும் இல்லாமல் தொடங்குவது எளிது. அதன் பிறகு ஆர்இஜி-16 படிவத்தில் பதிவு ரத்துக்கு விண்ணப்பித்து, ரத்தான நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் ஜிஎஸ்டிஆர்-10 என்ற இறுதி அறிக்கையைத் தாக்கல் செய்ய வேண்டும். ரத்தாகும் நாளில் கடையில் இருக்கும் மற்றச் சரக்குக்கு முன்பு எடுத்த உள்ளீட்டு வரி வரவைத் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும் என்பதால், அன்றைய இருப்பைப் பொருள்வாரியாக எழுதி, ஒவ்வொன்றின் கொள்முதல் பில்லையும் இணைத்துவைத்துக்கொண்ட பிறகே விண்ணப்பத்தை அனுப்புங்கள்.